ஆசாரியர் பிறந்த ஊர்

மேற்கு மாம்பலத்தில் குடியிருப்பவர்களுக்கு யாத்திரை என்பதே அவசியமில்லை என்று ஒருவர் வாதிக்க முற்படுவாரேயானால், அவருக்கு வேண்டிய பிரமாணங்கள் யாவும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. காசி விசுவநாதர் இங்கே கோயில் கொண்டிருக்கிறார். ஆரியகௌடா சாலையில் அயோத்தியா மண்டபம் இருக்கிறது. கோதண்டராமர் சந்நிதியைத் தட்சிண பத்ராசலம் என்றே பக்தர்கள் வழங்குகிறார்கள். கங்கைக் கரையிலும் சரயூ தீரத்திலும் கோதாவரிக் கரையிலுமாக ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கும் மூன்று க்ஷேத்திரங்களின் மூர்த்திகளை ஒரே முற்பகலில் நடந்தே தரிசித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அப்படியிருந்தும், இதே தெருக்களிலிருந்துதான் வயோதிகத் தம்பதிகள் காசிக்கும் கயைக்கும் ராமேசுவரத்துக்கும் புறப்பட்டுப் போகிறார்கள். போவதற்கு முன் இங்குள்ள விசுவநாதர் சந்நிதியில் நின்று, அங்குள்ள விசுவநாதரைப் பார்த்துவிட்டு நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் போகிறார்கள். எங்கும் நிறைந்த பரம்பொருளைக் காண்பதற்காக ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்துக்குப் போவானேன் என்ற வினா அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. அவர்களுடைய சிரத்தை அவ்வினாவுக்கு முந்தியது. வினா ஒரு முறை மனத்தில் எழுந்துவிட்டவர்களோ அதற்கு விடை தேடியே ஆக வேண்டும்.

அதை என்னிடம் நேராகக் கேட்டவள், ஓராண்டுப் படிப்புக்காக ஐரோப்பாவிலிருந்து வந்து எங்கள் தெருவில் ஒரு மாடியறையில் தங்கியிருந்த பரிமாற்ற மாணவி. சம்ஸ்கிருதமும் பாரத தத்துவங்களும் பயில வந்தவள். வீட்டுக்கார மாமியிடம் பேச்சுத் தமிழும் பழகிக்கொண்டு, என்னை மாமா என்றே அழைப்பாள். சனிக்கிழமை விடியற்காலையில் மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயிலேறிச் செங்கற்பட்டில் இறங்கி, அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கோ திருக்கழுக்குன்றத்துக்கோ உத்தரமேரூருக்கோ பஸ்ஸில் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்புவது அவளுக்கு வழக்கமாயிருந்தது. ஒரு நாள் மாலை, "மாமா, நான் படிக்கிற புஸ்தகம் எல்லாம் சித்தத்துக்குள்ளேதான் இருக்குன்னு சொல்றது, நானோ லீவு விட்டா ஊர் ஊராப் போறேன். அப்போ நான் படிக்கிறது எனக்குப் புரியலைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். அவள் அப்போது பாடம் கேட்டுக்கொண்டிருந்தது வசுபந்துவின் முப்பது காரிகைகள். புறத்தே தனித்து நிற்கும் பொருள் என்று நாம் கொள்வதெல்லாம் விஞ்ஞானத்தின், அதாவது உணர்வின், பரிணாமமே என்று சாதிக்கும் நூல் அது. அந்நூலைப் பையில் வைத்துக்கொண்டு செங்கற்பட்டு வண்டிக்காகக் காத்து நிற்பதில் ஏதோ பொருந்தாமை இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சந்தேகம் மெய்யாகவே அவளை வருத்தியது என்பதை முகத்திலிருந்து அறிந்துகொண்டேன்.

நம்மவரிடையே இதற்கு வழங்கும் விடைகள் இரண்டு. பசுவின் உடலெங்கும் வியாபித்திருக்கும் பால் மடியின் வழியாகவே சுரப்பதுபோல, எங்கும் நிறைந்த ஈசுவரனுடைய சாந்நித்தியம் சில ஸ்தலங்களில் விசேஷமாக வெளிப்படுகிறது என்று பௌராணிகர்கள் கூறுவார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். ஆயினும் ஈசுவரன் என்ற தத்துவத்தையே ஏற்காத பௌத்த நூலைப் படிக்கும் ஒருத்திக்கு அதை விடையாகச் சொல்வது, அவள் கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல் வேறு கேள்விக்கு விடை சொல்வதாகும். பல ஊர்களைப் பார்ப்பதால் அறிவு விசாலிக்கிறது என்பது நவீனர்களின் விடை. இது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதே தவிர, ஆராய்ந்து பார்த்தால் யாத்திரையைச் செய்தி சேகரிக்கும் உபாயமாகக் குறைத்துவிடுகிறது. செய்தியே பிரயோஜனமென்றால், அதைப் புஸ்தகசாலையில் உட்கார்ந்து இன்னும் அதிகமாகவும் திருத்தமாகவும் சேகரித்துக்கொள்ள முடியும். கேள்வி கேட்டவளின் பையிலிருந்த நூலின் சரித்திரமே, இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது விடை ஒன்றைத் தன்னிடத்தில் வைத்திருக்கிறது. அச்சரித்திரம் அவள் சனிக்கிழமைகளில் போய்வந்த காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது.

சீன தேசத்திலிருந்து 629-ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் அனுமதியும் இல்லாமல் புறப்பட்டு, மணல்வெளிகளையும் பனிமலைகளையும் கடந்து பாரத தேசம் வந்து சேர்ந்த யுவான் சுவாங், நம்முடைய பாடப் புஸ்தகங்களில் ஹர்ஷனுடைய ஆட்சியை வருணித்த யாத்திரிகராக மாத்திரம் அறிமுகமாகிறார். அவர் முதலில் மாணவர். மற்றவையெல்லாம் அதற்குப் பின்புதான். வசுபந்துவின் மரபான யோகாசாரத்தின் நூல்களுக்குச் சீனத்தில் கிடைத்த மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு, மூலமொழியில், பரம்பரையாகக் கற்றுவந்த ஆசாரியர் ஒருவரின் வாய்மொழியாகவே அச்சாஸ்திரத்தைக் கேட்டறிய வேண்டும் என்ற ஒரே தாகத்தோடு வந்தவர் அவர். நாலந்தா மகாவிகாரத்தில் அப்போது தலைமை வகித்தவர் சீலபத்திரர். நூறு வயதைக் கடந்த விருத்தர் என்று யுவான் சுவாங்கின் சரிதம் எழுதிய சீடர் ஹுய்லி கூறுகிறார். அவருடைய பாதங்களில் அமர்ந்து யோகாசாரபூமி என்ற பெருநூலைப் பதினைந்து மாத காலம் பாடம் கேட்டார். ஹேது வித்தையையும் வியாகரணத்தையும் பயின்றார். சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிந்தார். எதற்காக வந்தாரோ அந்தக் காரியம் முடிந்துவிட்டது. ஏடுகளைப் பிரதி செய்துகொண்டு அவர் அப்போதே ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் அவரைக் குறைகூறுவார் எவருமில்லை.

அவர் திரும்பவில்லை. வங்கத்துக்கு இறங்கித் தாமிரலிப்தித் துறைமுகத்தில் சிம்மள தேசமான இலங்கைக்குக் கப்பலேற எண்ணியபோது, கடற்பயணம் ஆபத்தானதென்றும், தரைவழியாகத் தெற்கே போனால் அங்கிருந்து மூன்று நாட் பயணந்தான் என்றும் தென்னாட்டுப் பிக்ஷு ஒருவர் யோசனை சொல்ல, ஒட்டரம், கலிங்கம், ஆந்திரம் வழியாக நடந்து, 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிபுரத்தை வந்தடைந்தார். மாமல்ல நரசிம்மவர்மன் அரசாண்ட காலம் அது. 100-க்கு மேற்பட்ட விகாரங்களும், அவற்றில் 10,000 பிக்ஷுக்களும், சுமார் 80 தேவாலயங்களும், திகம்பர சமணர் பலரும் அந்நகரத்திலும் நாட்டிலும் இருந்ததாக அவர் எழுதுகிறார். மக்கள் வாய்மை உடையவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்றும் குறித்திருக்கிறார். அச்சமயத்தில் சிம்மளத்திலிருந்து சுமார் 300 பிக்ஷுக்கள், தங்கள் அரசன் இறந்துபோய் நாட்டில் பஞ்சமும் கலகமும் மூண்டதால், கடல் கடந்து காஞ்சிக்கு வந்திருந்தார்கள். யோகாசாரத்தில் சிம்மளத்தார் வல்லவர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் அத்தீவுக்குப் போக விரும்பினார். அங்கே போய்க் கேட்க நினைத்ததை இங்கேயே அப்பிக்ஷுக்களிடம் கேட்டார். அவர்கள் கூறிய விளக்கங்கள் எவையும் சீலபத்திரர் கூறியதை மிஞ்சவில்லை என்று சரிதம் முடித்துவிடுகிறது.

இந்த ஒரு வாக்கியத்தில் மனம் நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் நடந்து, வெயிலிலும் மழையிலும் வாடி, தேசத்தின் தென்கோடிவரை வந்த மாணவனுக்குக் கிடைத்த விடை, அவன் புறப்பட்ட இடத்தில் தன் ஆசாரியரிடம் முன்னமே பெற்றுக்கொண்ட விடைதான். அறிவு விசாலித்தல் என்ற அளவுகோலால் அளந்தால் இந்த யாத்திரை வியர்த்தம். மணிமேகலைக் காவியத்திலும் இதே அமைப்பைக் காண்கிறோம். அவள் வஞ்சி நகரத்தில் மாறுவேடம் பூண்டு, வைதிகவாதி முதல் பூதவாதிவரை சமயக்கணக்கர் எல்லோரையும் அணுகி அவரவர் தத்துவத்தைக் கேட்டுவிட்டு, இறுதியாகக் காஞ்சி மாநகர் புகுந்து தருமம் கேட்பது யாரிடத்தில்? புகார் நகரத்தில் தான் முன்னமே அறிந்திருந்த அறவண அடிகளிடத்தில். தன்னுடைய ஆசாரியரையே மறுபடியும் அடைவதற்கு அவள் அத்தனை தூரம் நடக்க வேண்டியிருந்தது. காவியம் செய்தவர் இதை வீண் அலைச்சல் என்று கருதியிருந்தால் இத்தனை காதைகளை இதற்காகச் செலவிட்டிருக்கமாட்டார்.

யுவான் சுவாங்கின் காஞ்சி வருகைக்கு இன்னொரு பக்கம் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. சமதட தேசத்து அரச குலத்தில் பிறந்த சீலபத்திரருக்குச் சாஸ்திரம் சொல்லிவைத்தவர் தருமபாலர். அத்தருமபாலர் காஞ்சிபுரத்து மந்திரி ஒருவரின் மகன். அரசன் தன் குமாரியை அவருக்கு விவாகம் செய்துவைக்க நிச்சயித்ததாகவும், அவ்விரவில் அவர் புத்தர் பிம்பத்தின் முன் மனம் கசிந்து வேண்டிக்கொண்டதாகவும், தேவதை ஒன்று அவரை எடுத்துச்சென்று வெகு தொலைவிலிருந்த மலைமேல் விகாரத்தில் விட்டதாகவும், அங்கிருந்த பிக்ஷுக்கள் முதலில் அவரைத் திருடன் என்று நினைத்துப் பிறகு உண்மை அறிந்து துறவு கொடுத்ததாகவும் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். காஞ்சிபுரத்தைப் பற்றி அவர் எழுதியது கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்தில் இக்கதைக்கு இடம் தேடிக் கொடுத்திருக்கிறார். தன் ஆசாரியரின் ஆசாரியர் எந்தத் தெருக்களில் சிறுவனாக ஓடியிருப்பார், எந்த வாசலை இரவில் விட்டு நீங்கியிருப்பார் என்று பார்த்து நின்ற ஒரு மனிதரின் நெஞ்சத்தை அந்தக் கதை சொல்லும் விதத்தில் நான் உணர்கிறேன். அவ்வூரிலிருந்து அவர் அறிய வேண்டியது ஒன்றுமில்லை. அவ்வூருக்கு அவர் செலுத்த வேண்டியதோ நிறைய இருந்தது.

நம்முடைய தைத்திரீய சங்கிதை, மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று கூறி, அவற்றுள் ரிஷிகளுக்குப் பட்ட கடனைப் பிரம்மசரியத்தால், அதாவது குருகுலத்திலிருந்து அத்தியயனம் செய்வதால், தீர்க்க வேண்டும் என்று விதிக்கிறது. தன் ஊரிலேயே, தன் குலத்து ஆசாரியரிடமே கற்கிறவனுக்கு அது போதுமானது. ஏனெனில் அவன் குடிக்கும் நீரும் நடக்கும் மண்ணும் அவ்வித்தையை வளர்த்த நீரும் மண்ணுமே ஆகையால், அவனுடைய அன்றாட வாழ்க்கையே அக்கடனில் ஒரு பகுதியைச் செலுத்திவிடுகிறது. பரதேசத்துக்குப் போய்ப் படிக்கிறவன் நிலைமை வேறு. அவன் கற்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால், அவன் கண்டறியாத ஊர்களின் உழைப்பு இருக்கிறது. வயல்களின் விளைச்சலில் ஒரு பங்கைப் பிக்ஷுக்களுக்கு ஒதுக்கிய கிராமங்கள் இல்லாமல் நாலந்தா இல்லை. கடிகைகள் என்ற கல்விச்சாலைகளுக்கு மானியம் விட்ட பல்லவர்கள் இல்லாமல் காஞ்சியின் கல்வி இல்லை. கதம்ப குலத்து மயூரசர்மன் நான்காம் நூற்றாண்டில் தன் குருவான வீரசர்மரோடு காஞ்சிக் கடிகைக்குப் படிக்க வந்ததைத் தாளகுந்தாத் தூண் சாசனம் கூறுகிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரனோடு நேர்ந்த சச்சரவால் படிப்பை விட்டு வாளேந்தி ராஜ்யம் ஸ்தாபித்தான் என்பது வேறு கதை. வெளியூர் மாணவன் விடுமுறை நாளில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போவது, தன்னை அறியாமலே அவன் அந்தக் கடனின் பரிமாணத்தைத் தெரிந்துகொள்ளப் போவதுதான் என்று நான் கருதுகிறேன். தான் பெற்ற வித்தை ஒரு கல்லூரிக் கட்டடத்திலிருந்தோ ஓர் ஏட்டிலிருந்தோ வரவில்லை, ஒரு நாட்டிலிருந்து வந்தது என்பதை அவனுடைய கால்கள்தாம் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாம் விஞ்ஞானமே என்ற சித்தாந்தத்துக்கும் இந்த நடைக்கும் பொருந்துமா? தருமபாலரின் வழிவந்த விளக்கத்தைக் கொண்டு பார்த்தால் நன்றாகவே பொருந்தும். 659-ஆம் ஆண்டில் யுவான் சுவாங் தம் சீடர் குய்ஜியின் துணையோடு, வசுபந்துவின் காரிகைகளுக்கு எழுந்த பத்து உரைகளைத் தொகுத்து, தருமபாலருடையதையே பிரமாணமாகக் கொண்டு சீன மொழியில் விஞ்ஞப்திமாத்திரதா சித்தி என்ற நூலை இயற்றினார். எல்லாம் என் ஒருவனுடைய சித்தமே என்று அந்நூல் சொல்லவில்லை. பிறர் சித்தங்களும் உண்டு என்பதை அது உறுதியாக ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வோர் உயிரின் ஆலய விஞ்ஞானத்திலும், அதாவது உணர்வின் சேமிப்பிடத்திலும், பூர்வ வாசனைகள் வித்துக்களாகக் கிடக்கின்றன. அவற்றுள் சில அவ்வுயிருக்கே உரியவை, சில பலருக்கும் பொதுவானவை. மலையும் ஆறும் ஊரும் உலகமும் நமக்கு ஒரேவிதமாகத் தோன்றுவது, பொதுவித்துக்கள் ஒருசேரப் பக்குவமடைவதால். இதை ஆழ்ந்து எண்ணும்போது, ஓர் ஊர் என்பது வெறும் ஜடப்பொருளாக இருந்து பிறகு அதில் மனிதர்கள் குடியேறினார்கள் என்ற நம் வழக்கமான எண்ணம் தலைகீழாகிவிடுகிறது. எண்ணிறந்த உயிர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த கருமங்களின் கூட்டு விளைவே ஊர். அதற்குள் நுழைவது, பலருடைய சித்தங்கள் ஒன்றுகூடிச் சமைத்த ஒன்றினுள் நுழைவது. சொந்த ஊரிலேயே கிடப்பவனுக்கு அவ்வூரின் வாசனைகளும் தன்னுடைய வாசனைகளும் வேறுவேறாகத் தெரிவதில்லை. ஆகையால் தான் காண்பதே உலகத்தின் ஸ்வரூபம் என்று மயங்குகிறான். அயலூரில், பாஷை அரைகுறையாகப் புரிய, உணவு ஒவ்வாமல் இருக்க, வழி தெரியாமல் நிற்கும் தருணத்தில், இதுவரை உலகம் என்று எண்ணியது தன்னுடைய பழக்கமே என்பது அவனுக்கு அனுபவமாகிறது. விஞ்ஞானவாதத்தின் முதற்பாடம் அதுதான். அப்பெண் செங்கற்பட்டு வண்டியில் ஏறியபோது தன் நூலுக்கு விரோதமாக ஏறவில்லை என்று நான் அவளிடம் சொன்னேன்.

அவளுக்கு நான் சொன்ன மற்றொரு ஊர் திருநின்றவூர். மாம்பலத்திலிருந்து பூங்கா நிலையம்வரை போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் வண்டி ஏறினால் அங்கே இறங்கலாம். பூசலார் நாயனார் கையில் பொருளில்லாமையால் சிவனுக்கு மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் முதல் ஸ்தூபிவரை கோயில் எழுப்பிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார் என்பதும், அதே நாளில் காஞ்சியில் கற்றளி எழுப்பிப் பிரதிஷ்டைக்கு நாள் வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவபிரான் தோன்றித் தாம் அன்றைக்குப் பூசலாரின் ஆலயத்தில் புகவிருப்பதால் வேறு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்பதும் பெரியபுராணம் படித்தவர்கள் யாவரும் அறிந்தவை. அம்மன்னனை ராஜசிம்மன் என்றும், அக்கற்றளியைக் கைலாசநாதர் கோயில் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வார்கள். மனத்தால் கட்டியது கல்லால் கட்டியதற்குக் குறைந்ததன்று என்பதே இக்கதையின் கருத்து என்று உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறோம். அது உண்மை, ஆயினும் அதற்குப் பிறகு மன்னன் செய்ததை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அவன் தன் சபையில் இருந்துகொண்டே பூசலாரை வியந்து பாராட்டியிருக்கலாம்; சேவகரை அனுப்பி அவரை வரவழைத்திருக்கலாம். அவனோ திருநின்றவூருக்குத் தானே போனான். கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றார்கள். இருந்தும் திரும்பிவிடாமல், பூசலார் யார் என்று விசாரித்து, அவரைக் கண்டு, நடந்ததை அவர் வாயிலாகக் கேட்டு, நிலத்தில் விழுந்து வணங்கிய பிறகே காஞ்சிக்குத் திரும்பினான். கண்ணுக்குப் புலப்படாத கோயிலைப் பார்ப்பதற்கும் ஒருவன் தன் ஊரை விட்டு வந்தாக வேண்டியிருந்தது. சேக்கிழார் பெருமானின் சித்திரத்தில் பூசலாரின் தியானமும் மன்னனின் யாத்திரையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்றை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். இன்று அவ்வூர் இருதயாலீசுவரர் சந்நிதியில் சுவாமியோடு பூசலாருக்கும் இடம் இருக்கிறது.

அப்பர் சுவாமிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அன்பில்லாதவனுக்குப் புண்ணிய நதி ஸ்நானங்களால் வரக்கூடியது ஒன்றுமில்லை என்று அழுத்தம் திருத்தமாகக் கூறியவர் அவர். ஸ்தல ஸ்தலமாக உழவாரத்தோடு நடந்தவரும் அவரே. கைலாசம் காண வேண்டுமென்று வடக்கே போய், கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, உருண்டும் புரண்டும் போனவரைப் பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கைலாசக் காட்சி காட்டினார் இறைவர் என்று புராணம் கூறுகிறது. திருவையாற்றிலேயே காணக்கூடியதற்கு வடதிசைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, போனதனால்தான் திருவையாற்றில் அது தெரிந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அதே திருவையாற்றில், அமெரிக்காவில் பிறந்து, புல்லாங்குழல் வித்துவான் டி. விசுவநாதன் அவர்களிடம் கர்நாடக சங்கீதம் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ், தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையில் பாடினார். சென்னையில் கற்ற கிருதியின் ஸ்வரங்கள் காவிரிக் கரையில் வேறாகிவிடுவதில்லை. பாடுகிறவன் தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டு பாடுகிறான்.

எத்தனை ஸ்தலங்கள் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே நாளில் ஒன்பது கோயில்களைச் சுற்றிக் காட்டும் வண்டிகள் நம் ஊரிலிருந்தும் புறப்படுகின்றன. அவற்றில் போகும் முதியவர்களின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, அவர்களுக்கு வேறு வசதி இல்லை. நேரமும் பலமும் உள்ள மாணவர்கள் அந்த வேகத்தைக் கைக்கொள்ளும்போதுதான் மனம் வருந்துகிறது. படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறவனிடம் ஊர் பேசுவதில்லை. ஒரு வருஷத்தில் ஓர் ஊருக்கே பலமுறை போய், அங்கே ஒரு கடைக்காரருக்கும் ஓர் அர்ச்சகருக்கும் முகம் பழக்கமாகிவிட்ட மாணவன், நூறு ஊர் பார்த்தவனைவிட அதிகமாகக் கடன் தீர்த்தவன்.

காஞ்சிபுரத்துக்கு இப்போது போகிறவர் தருமபாலரைத் தேடினால் ஏமாற்றமே அடைவார். எங்கள் லேக் வியூ ரோட்டில் ஏரி இல்லை. தியாகராய நகரம் எழுவதற்காக அந்த நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டது. ஆயினும் சாலையின் பெயராவது ஏரி இருந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காஞ்சியில் அந்தப் பெயரும் இல்லை. நூறு விகாரங்களில் ஒன்றும் எஞ்சவில்லை. காமாக்ஷி அம்மன் கோயிலைச் சேர்ந்த இடத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் புத்தர் சிலைகள் சில வெளிப்பட்டதை 1915-ல் கோபிநாத ராவ் எழுதினார். அவற்றுள் நின்ற திருக்கோலமான பெரிய சிலை ஒன்று எழும்பூர் அரசாங்க நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-ல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலைப் படித்தவர்களுக்கு இவை தெரியும். மற்றவர்களுக்குக் காஞ்சி என்றால் பட்டும் கோயில்களும் சங்கர மடமும் வரதராஜர் உற்சவமுந்தான். நானும் அவற்றை நேசிக்கிறவனே. அந்நேசத்தில் தருமபாலருக்கும் ஓர் இடம் இருந்தால் காஞ்சியின் பெருமை குறைந்துவிடாது என்று மாத்திரம் சொல்கிறேன்.

ஏனென்றால் அவரை மறந்தவர்கள் நாம்தாம், உலகம் மறக்கவில்லை. 653-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து சீனத்துக்குப் படிக்க வந்த தோஷோ என்ற பிக்ஷு, யுவான் சுவாங்கிடமே மாணவராக இருந்து, அவருடைய சித்தாந்தத்தைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஹொஸ்ஸோ என்ற பெயரில் அது ஒரு சம்பிரதாயமாக வேரூன்றியது; நாரா நகரத்துக் கோஃபுகுஜியும் யாகுஷிஜியும் இன்றுவரை அச்சம்பிரதாயத்தின் தலைமை மடங்கள். காஞ்சியிலிருந்து நாலந்தாவுக்கும், நாலந்தாவிலிருந்து இன்று சீயான் எனப்படும் சாங்கானுக்கும், சாங்கானிலிருந்து நாராவுக்குமாக, ஊரைவிட்டுப் போன மாணவர்களின் கால்வழியாகவே அது போயிற்று. தருமபாலர் முப்பது காரிகைகளுக்கு எழுதிய உரை சம்ஸ்கிருதத்தில் கிடைக்கவில்லை. 1925-ல் சில்வேன் லெவி பதிப்பித்த சம்ஸ்கிருத உரை ஸ்திரமதியினுடையது. காஞ்சிபுரத்து மந்திரி மகன் அந்நூலைப் பற்றி என்ன சிந்தித்தார் என்பதை அறிவதற்குச் சீன மொழிதான் இன்று வாயில்.

ஆகையால், நம் பக்கத்தூர்க்காரர் ஒருவரின் நூலைப் படிக்க விரும்பும் மாம்பலத்துப் பிள்ளையோ பெண்ணோ சீனம் கற்றுக்கொண்டு, சீயானிலோ நாராவிலோ ஓரிரண்டு வருஷம் தங்கித்தான் ஆக வேண்டும். அப்படிப் போகிறவர் ஒருவராவது நம் தெருக்களிலிருந்து புறப்பட வேண்டும் என்பது என் ஆசை. போகிறவர் விடுமுறை நாட்களில் அறைக்குள் அடைந்துகிடக்க வேண்டாம். சீயானில் இருந்தால், யுவான் சுவாங் கொண்டுபோன ஏடுகளை வைப்பதற்காக 652-ல் எழுப்பிய பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்குப் போகட்டும். நகரத்துக்குத் தெற்கே அவருடைய சமாதி இருக்கும் சிங்ஜியாவ் மடத்துக்கும் போகட்டும். நாராவில் இருந்தால், யாகுஷிஜியில் அவருக்கென்றே அமைந்த சந்நிதியில் வணங்கட்டும். அங்குள்ள பிக்ஷு, நீ எந்த ஊர் என்று கேட்டால், காஞ்சிபுரத்துக்குப் பக்கம் என்று சொல்லட்டும். தருமபாலரைப் பயின்றவருக்கு அந்த ஊர் எதுவென்று விளக்க வேண்டியிராது.